நாக்கில் வைத்துப் பார்த்தவர்

அந்த அக்காவின் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. மறந்துவிடவில்லை. அவர் பெயர் ஏற்கெனவே ஒருமுறை ஒரு தாளில் எழுதப்பட்டது. எழுதியபோது நான் அதே அறையில் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு முறை எழுதக் கை வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவரை முதலில் பார்த்தேன். எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்து, குடியிருப்பில் வீடும் கொடுத்திருந்தார்கள். சிவில் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் செங்கல்பட்டில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் சைட் இன்ஜினியராகச் சேர்ந்தேன். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதும், புதுக் கட்டடங்களில் சுடுமண் வேலை செய்து கொடுப்பதும் அவர் தொழில். ஓடு, தரைக்கல், முகப்பில் பதிக்கிற பூவேலைத் துண்டு, சுவரில் காற்று வருவதற்காக வைக்கிற துளை போட்ட ஜாலிக்கல் என்று எல்லாமே சுட்ட மண்.

முதல் வேலை ஒரு பழைய சத்திரம். அதன் மாடிக் கைப்பிடிச் சுவர் முழுக்கக் குடம்போல் வயிறு பருத்த குட்டைச் சுடுமண் தூண்கள் வரிசையாக நிற்கும். பாதிக்கு மேல் தோல் உரிந்து, தொட்டால் தூளாகக் கொட்டின. நான் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றிருந்தேன். ஆட்களோடு வந்திருந்த உயரமான, ஒல்லியான ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், உதிர்ந்த சில்லு ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு துப்பினார்.

"இன்னா மேடம் அப்புடிப் பாக்குற? உப்பு கீதான்னு பாத்தேன்."

"இருக்கா?"

"கீது. பின்னால சிமெண்ட்டப் பூசி வெச்சிகிறானுங்க பாரு. தண்ணி வெளிய வர வயி இல்லாம உள்ளயே நின்னுகினு உப்பத் தள்ளுது. அத்தான் தோலு உரியுது."

நான் நம்பவில்லை. சில்லுகளைப் பொட்டலம் கட்டிச் சென்னையில் நான் படித்த கல்லூரிக்கே சோதனைக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. அக்கா சொன்னதுதான் அதில் ஆங்கிலத்தில் இருந்தது. அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் அதற்குள் வேறு தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், "அப்புடியா" என்றார்.

படாளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. சின்ன வயதிலிருந்தே செங்கல் சூளையில் வேலை. பிறகு சித்தாளாக வந்து, கொத்தனார்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் சாந்து பூசுகிற கரணையை எடுத்துத் தானாகவே பழகிக்கொண்டவர். செய்ததெல்லாம் கொத்தனார் வேலை. வருகைப் பதிவில் மட்டும் கடைசி வரை சித்தாள் என்றே இருந்தது. அதை மாற்றச் சொல்லி நான் ஒப்பந்தக்காரரிடம் இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்கவில்லை.

சத்திரத்துத் தூண்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, நல்ல தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்தார். தினமும் தண்ணீரை மாற்றுவார். தினமும் ஒன்றை எடுத்து, துடைத்து, நாக்கில் வைப்பார். "இன்னும் வுடல" என்பார். திரும்பத் தொட்டியில் போடுவார். உப்பு முழுக்கப் போன பிறகுதான் சுண்ணாம்புச் சாந்தில் அவற்றைத் திரும்ப நிறுத்துவார். உடைந்ததைச் சுண்ணாம்பும் செங்கல் தூளும் குழைத்து ஒட்டுவார். ஒட்டிய கோடு வெளியே தெரியும்படியே விட்டுவிடுவார்.

சத்திரத்து நிர்வாகிகளில் ஒருவருக்கு அந்தக் கோடுகள் பிடிக்கவில்லை. மேலே சிவப்புச் சாயம் அடித்துவிடச் சொன்னார்.

"ஒடஞ்சது ஒடஞ்சதுதாங்க. சாயம் அடிச்சிட்டா நாளிக்கி வர்றவன் முழுசுன்னு நெனச்சி அது மேல சாஞ்சி நிப்பான்" என்றார் அக்கா.

நிர்வாகி என்னைப் பார்த்தார். கூலிக்கு வந்த பெண் தன்னிடம் நேராகப் பேசியது அவருக்குப் பொறுக்கவில்லை. பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, பூஜை அறைக்குக் கூட்டிப்போய் அங்கே பதித்திருந்த சுடுமண் பலகை ஒன்றைக் காட்டினார். தாமரையும் அன்னமும் போட்டது. தன் தாத்தா காலத்துச் சரக்கு, இருநூறு வருஷம் பழையது என்றார். அக்கா குனிந்து அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

"இது புதுசுங்க. பத்து வருசம் கூட ஆவல. சாயத்துல முக்கிகிறாங்க. யாரோ உங்கள நல்லா ஏமாத்திகிறான்."

அதில் கேலி இல்லை. சாந்து கெட்டியாக இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் விடு என்று சொல்கிற அதே குரல். அந்த ஆள் அதன் பிறகு வேலை முடியும் வரை சத்திரத்துப் பக்கம் வரவில்லை.

அவர் குணமே அதுதான். நாக்குக்குத் தெரிந்ததை நாக்கு சொல்லிவிடும். யாரிடம், எந்த நேரத்தில் என்கிற கணக்கு இருக்காது. அவரைச் சிலர் திமிர் பிடித்தவள் என்றார்கள். கூட வேலை பார்த்த பெண்கள் மதியச் சாப்பாட்டின்போது அவரிடமிருந்து சற்றுத் தள்ளி உட்காருவார்கள். நான் என் டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருவேன். "கொயம்புல புளி தூக்கலா கீது" என்பார், நான் கேட்காமலேயே. என் கணவர் ஆறு வருடமாகச் சொல்லாதது.

ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது அவர் மகனைப் பற்றிக் கேட்டேன். ஒரே மகன், லாரி ஓட்டுகிறவன், அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருப்பதாக முன்பு சொல்லியிருந்தார்.

"நின்னு பூட்ச்சி" என்றார்.

"ஏன்க்கா?"

"பொண்ணோட அம்மா கேட்டுச்சி, பையன் குடிப்பானான்னு. குடிப்பான், குடிச்சா கைய நீட்டுவான்னு சொல்ட்டேன்."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அவர் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் ஆனா திருந்திடுவான்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அப்புடித் தெரியல. அவுங்கப்பனும் திருந்தல. தெரிஞ்சிகினே ஒரு பொண்ணக் கூட்டாந்து வுட முடியுமா?"

"பையன் என்ன சொன்னான்?"

"வூட்டவுட்டுப் பூட்டான். எனக்கு அம்மாவே இல்லன்னு சொல்லிட்டுப் போனான். நாலு மாசம் ஆவுது."

பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அன்று மதியம் முழுக்க ஒரே தூணைக் கழுவிக்கொண்டிருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

இரண்டாம் வருடம் எனக்கு ஐந்து மாதத்தில் கரு கலைந்தது. ஊரிலிருந்து அம்மா வந்தார். குடியிருப்பில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். வயசு இருக்கு, அடுத்தது தங்கும், மறந்துவிடு என்று. ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு சிமெண்ட் சாக்கை மடித்து நிழலில் போட்டு உட்காரச் சொன்னார்.

"ரொம்ப நாளு வலிக்கும் மேடம். எனக்கும் ஒண்ணு அப்புடிப் போச்சி. இருவது வருசம் ஆவுது. இன்னும் வலி பூவல."

அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக அழுதேன். அவர் என்னைத் தொடவில்லை, தேற்றவுமில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து ஓடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவரை நான் அக்கா என்று மனதார நினைக்கத் தொடங்கியது அப்போதுதான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால், பின்னால் நான் செய்ததன் கனம் தெரியாது.

சில வருடங்களில் கடற்கரைச் சாலையில் வேலைகள் பெருகின. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி ஒரு தங்கும் விடுதி கட்டும் வேலை எங்களுக்கு வந்தது. அதன் முகப்பில் இரண்டு மாடி உயரத்துக்கு முழுக்க ஜாலிக்கல் சுவர். கல் எல்லாம் பழசாக இருக்க வேண்டும் என்று விடுதிக்காரர் ஆசைப்பட்டார். கடலோரத்தில் இடித்த ஒரு பழைய பங்களாவிலிருந்து லாரி லாரியாக ஜாலிக்கற்கள் வந்து இறங்கின. அவற்றின் நடுவே இரும்புக் கம்பி விட்டுச் சாந்து நிரப்பி ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்த வேண்டும். அந்த வேலைக்கு என்னைத்தான் பொறுப்பாகப் போட்டார்கள். எங்கள் நிறுவனத்தில் ஒரு பெண்ணுக்கு அவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அக்கா வந்த அன்றே ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தார். முகம் சுளித்தார்.

"கடலையே குடிச்சி வெச்சிகீது. மூணு மாசமாவது ஊறணும்."

திறப்பு விழாவுக்கு நான்கு மாதங்கள்தான் இருந்தன. மூன்று வாரம் ஊற வைத்தோம். அதற்கும் வெளியூரிலிருந்து டேங்கரில் நல்ல தண்ணீர் வர வேண்டும். சுவர் பாதி எழும்பியிருந்தபோது டேங்கர் வருவது நின்றுபோனது. வெயில் காலம், ஊர்களுக்கே தண்ணீர் இல்லை. சைட்டில் ஓர் ஆழ்துளைக் கிணறு இருந்தது. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நான் இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அந்தத் தண்ணீரிலேயே சாந்து கலக்கச் சொன்னேன்.

அக்கா தண்ணீர் பிடித்து வைத்திருந்த பாண்டுச் சட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"வேணாம் மேடம். உள்ள கம்பி கீது. துருப்புடிச்சா வீங்கும். வீங்குனா கல்லு பொளந்துகும்."

அது எனக்கும் தெரியும். கல்லூரியிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதைவிட, அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்த்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் பத்து நாளைக்கு மட்டும்தான், டேங்கர் வந்துவிடும் என்றேன். பத்து நாள் பதினெட்டு நாளானது. அந்தப் பதினெட்டு நாளில் மேல் மாடிச் சுவர் முழுக்க எழும்பிவிட்டது.

விடுதிக்காரர் ஒப்பந்தக்காரரோடு வந்து பார்ப்பதாகச் சொன்ன நாளுக்கு முந்தின மாலை அக்காவைத் தனியாகக் கூப்பிட்டேன். இதைச் சொல்லும்போது என் குரல் எப்படி இருந்தது என்பது இப்போதும் எனக்குக் கேட்கிறது.

"அக்கா, நாளைக்கு அவங்க ஏதாவது கேட்டா தண்ணியப் பத்திச் சொல்லாதீங்க. என் வேலை போயிரும். பெரிய வேலைன்னு இதுதான் கிடைச்சிருக்கு."

கடல் காற்றில் அவர் முந்தானை பறந்தது. அதை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சொவத்துக்குக் கீயே யாராவது நிப்பாங்களா?"

"தோட்டம்தான் போடறாங்க. யாரும் நிக்க மாட்டாங்க."

மறுநாள் விடுதிக்காரர் சுவரைத் தொட்டுப் பார்த்து மகிழ்ந்துபோனார். ஜாலியின் துளைகள் வழியாக வெயில் விழுந்து தரை முழுக்கக் கோலம் போட்டதுபோல் இருந்தது. அவர் நல்ல மனிதர், வேலையாட்களிடமும் பேசுவார். "சுவர் எப்படிம்மா வந்திருக்கு?" என்று அக்காவிடம் நேராகவே கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தேங்காய் நார் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு, பதில் சொல்லாமல் நடந்துபோனார். கூச்சப்படுகிறாள் என்று ஒப்பந்தக்காரர் சிரித்தார்.

சுவர் இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவது மழை ஓய்ந்து ஒரு வாரம் இருக்கும். பகல் பதினொரு மணி. மேல் வரிசையில் ஓர் ஆள் அகலத்துக்குச் சுவர் பிளந்து விழுந்தது. கீழே செம்பருத்திச் செடிக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் அதில் சிக்கிக்கொண்டார். உயிர் போகவில்லை. இடுப்பும் வலது காலும் நசுங்கிவிட்டன. நான் போனபோது அவரைத் தூக்கிப் போயிருந்தார்கள். சிதறிக் கிடந்த கற்களுக்கு நடுவே கம்பிகள் துருத்திக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றும் துரு ஏறி, போட்டதைப்போல் ஒன்றரை மடங்கு பருத்திருந்தது.

விடுதி அலுவலகத்தில் விசாரணை நடந்தது. விடுதியின் மேலாளர், எங்கள் ஒப்பந்தக்காரர், சென்னையிலிருந்து வரவழைத்த ஒரு கட்டட நிபுணர், நான். சுவர் கட்டியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சாந்தில் உப்பு இருந்தது என்று நிபுணர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். தண்ணீர் உப்பு என்று தெரியுமா என்பதுதான் கேள்வி. கொத்தனார்கள் மூவரும் தெரியாது என்றார்கள். கடைசியாக அக்கா வந்தார்.

"தெரியும்" என்றார். "நாக்குல வெச்சிப் பாத்தேன். உப்புத்தான். தெரிஞ்சிகினேதான் கட்டுனேன். அய்யா வந்து கேட்டப்பவும் சொல்லாம பூட்டேன். தப்பு என்னுது."

மேலாளர் எழுதிக்கொண்டார். பெயரைக் கேட்டு அதையும் எழுதினார். ஒப்பந்தக்காரர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன்.

அடுத்து அக்கா என்னைச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். மேசையின் மேல் ஒரு கண்ணாடிக் குண்டு இருந்தது, காகிதம் பறக்காமல் வைப்பது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சுவரோரமாக நின்றார். "நீ போகலாம்மா" என்றார் மேலாளர். அக்கா போகவில்லை. இன்னொரு முறை சொன்ன பிறகுதான் போனார்.

எழுதிய தாளில், தொழிலாளி ஒருவர் தெரிந்தே கெட்ட தண்ணீரைக் கலந்தது காரணம் என்று முடித்தார்கள். என் பெயர் எங்குமே வரவில்லை. அதன் பிறகு செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை எந்த ஒப்பந்தக்காரரும் அக்காவை வேலைக்குச் சேர்க்கவில்லை. எனக்கு அடுத்த வருடம் பதவி உயர்வு வந்தது. அலுவலகம் கேளம்பாக்கத்துக்கு மாறியது. நாங்களும் அங்கே ஒரு ஃபிளாட் வாங்கிக் குடிபோனோம். ஒரு பெண் குழந்தை பிறந்தாள்.

என்னைக் காப்பாற்றுவதற்காக அக்கா வாயை மூடிக்கொண்டார் என்றே நம்பினேன். எனக்காக ஒருமுறை அவர் தன் குணத்தையே விட்டுக்கொடுத்தார் என்று. இதை நினைக்கும்போது துக்கமாகவும் இருக்கும், உள்ளுக்குள் ஏதோ இதமாகவும் இருக்கும். அந்த இதம்தான் என்னை அத்தனை வருடம் அவரைப் போய்ப் பார்க்காமல் இருக்க வைத்தது.

ஆறு வருடம் கழித்து ஒருநாள், மதுராந்தகத்தில் வேறு வேலையை முடித்துத் திரும்பும் வழியில் படாளத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். விசாரித்துக்கொண்டு போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார்.

"மேடமா? இளைச்சிட்ட. உள்ள வா, டீ போடறேன்."

டீ குடித்தோம். கூலிக்குக் கழனி வேலைக்குப் போவதாகச் சொன்னார். மகன் வரவே இல்லையாம். என் மகள் புகைப்படத்தைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"அந்தத் தோட்டக்காரர் வூட்டுக்குப் போவியா?" என்று கேட்டார்.

நான் போனதே இல்லை. அவர் வீடு எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது.

"நான் மாசம் ஒருவாட்டி போவேன். கோலு வெச்சிகினு நடக்குறாரு. மொதல்ல போனப்ப அவுரு பொஞ்சாதி என்ன அடிக்க வந்துச்சி. இப்ப சோறு போடுது."

கேட்க வந்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு ஏன்க்கா என் பேரைச் சொல்லல? என்னைக் காப்பாத்தணும்னுதானே?"

அவர் கடலை ஆய்வதை நிறுத்தினார். என் கேள்வி அவருக்கு நிஜமாகவே புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். என்னக் கேட்டாங்க, என்னுத நான் சொன்னேன். உன்னுத நீ சொல்லுவேன்னு நின்னுகினு இருந்தேன். எவ்ளோ நேரம் நின்னேன், நீ பாக்கல?"

நான் பார்க்கவில்லை. கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மறுபடி கடலை ஆயத் தொடங்கினார். நான் எழுந்தபோது பஸ் நிற்கிற இடம் வரை கூட வந்தார். மறுநாள் தோட்டக்காரர் வீட்டுக்குப் போகப்போவதாகவும், பத்து மணிக்கு மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் இருப்பேன், வந்தால் சேர்ந்தே போகலாம் என்றும் சொன்னார். வருகிறேன் என்றேன்.

மறுநாள் நான் போகவில்லை. எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது.